பொதிகை உச்சிக்குப் போக அனுமதி கிடைத்திருக்கிறது, போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

தண்பொருநை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம், இப்போ சென்னை. எங்க வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா மேற்கே முழுக்க மலைதான். மழைக்காலத்துல நாள் கணக்கா தலையைக் காட்டாது. தை பிறந்ததும் ஒரு காலைல பளிச்சுனு நிக்கும். ஆச்சி கன்னத்துல போட்டுக்கிட்டு "அகத்தியர் எந்திரிச்சிட்டாரு" என்பாள்.

அப்பா, சித்தப்பா, தாய்மாமா மூணு பேரும் கல்யாணத்துக்கு முன்னாடி பாபநாசம் வழியா அந்த உச்சிக்குப் போய் வந்தவங்க. சின்ன வயசுல அந்தக் கதையைக் கேட்டுக்கேட்டு எனக்கே போய் வந்த மாதிரி இருக்கும். "நானும் வாரேன்"னு சொன்னா, பொம்பளை ஏறக்கூடாத மலைன்னு ஆச்சி வாயை அடைச்சிருவா. அதுக்கப்புறம் நான் கேக்குறதையே விட்டுட்டேன்.

இந்த வருஷம் கேரள வனத்துறைப் பதிவுல எனக்கு இடம் கிடைச்சிருக்கு. பிப்ரவரி இரண்டாவது வாரம். வயசு 41. தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கேன், அவ்வளவுதான் பழக்கம். பாதை எப்படி இருக்கும், எதுக்குத் தயாராகணும்னு சொல்லுங்க. இன்னொண்ணும் வேணும். உச்சியில நின்னு படம் எடுத்துட்டு இறங்குறதுக்காக நான் போகல. அந்த மலையோட கதை தெரிஞ்சு போகணும். தெரிஞ்சவங்க எழுதுங்க.

நாஞ்சில்_நடையன் எழுதியது:

வாழ்த்துகள் தங்கச்சி. நான் அஞ்சு தடவை போனவன், நாகர்கோவில்காரன். பாதையைச் சொல்லுதேன்.

திருவனந்தபுரம் தம்பானூர்ல இருந்து விதுரா வழியா போணக்காடு போகணும். விதுரா தாண்டினா ரோடு வளைஞ்சு வளைஞ்சு பழைய தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஏறும். அங்க வனத்துறைச் சாவடியில பையைத் திறந்து பாப்பாங்க. பிளாஸ்டிக், மது, பீடி சிகரெட், பூஜைப் பொருள் எதுவும் உள்ள போகாது. ஒரு வாரத்துக்குள்ள எடுத்த மருத்துவச் சான்றிதழ் கேப்பாங்க, அசலைக் கையில வச்சுக்கோ. பத்துப் பன்னிரண்டு பேரா பிரிச்சு, இந்த மலையோட பழங்குடியான காணி மக்கள்ல ஒரு வழிகாட்டியோட அனுப்புவாங்க.

முதல் நாள் அதிருமலை முகாம் வரைக்கும் ஏறக்குறைய 15 கி.மீ. பாதித் தூரம் காட்டு நிழல், ஏற்றமும் பெரிசா இல்ல. கரமனையாறு, அட்டையாறுன்னு ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போகும். தண்ணி அள்ளிக் குடிக்கலாம், குளிரும் ருசியும் வேற எங்கயும் கிடைக்காது. அட்டையாறு தாண்டினதும் புல்மேடு. நிழலே இல்ல. பதினோரு மணிக்கு மேல அங்க மாட்டிக்கிட்டா வெயில் ஆளை உருக்கிரும், அதனால காலைல முதல் கூட்டத்துல கிளம்பப் பாரு. அப்புறம் ஏழுமடக்கு, அதுக்கு மேல முட்டிடிச்சான் மலை. பேரே சொல்லுதுல்லா? அடுத்த அடி எடுத்து வச்சா நம்ம முட்டி நம்ம நெஞ்சுல இடிக்கும். உடம்பு தளர்ந்த நேரத்துல வாற ஏற்றம், எல்லாரும் திணறுற இடம் அதுதான். நின்னு நின்னு போ. உக்காந்தா கால் பிடிச்சுக்கும்.

அதிருமலையில சுத்தி யானை அகழி வெட்டின முகாம். பாய் குடுப்பாங்க, கஞ்சியும் பயறும் கிடைக்கும். ராத்திரி காத்து கூரையைப் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி அடிக்கும், பயப்படாத. மறுநாள் உச்சிக்கு 6 கி.மீ. முதல்ல ஈத்தைக்காடு, ஈத்தைன்னா மெலிசான மூங்கில். யானைக்கு அது அடுக்களை மாதிரி, பேசாம நடக்கணும். பொங்கலப்பாறைன்னு ஒரு அகன்ற பாறை வரும், அங்க இளைப்பாறலாம். அதுக்கு மேல குட்டை மரங்கள், பாசி, பனி. கடைசியா வழுக்குப் பாறையில மூணு இடத்துல கயிறு கட்டியிருக்கும். கயிற்றைப் பிடிச்சு உடம்பைப் பின்னால சாய்ச்சு ஏறணும். பாறையோட ஒட்டிக்கிட்டு ஏறினா கால் வழுக்கும். ஈரமா இருந்தா மேல விடமாட்டாங்க, அதுல வருத்தப்படவும் கூடாது.

நாலு கிலோமீட்டர் நடை பத்தாது. இன்னையில இருந்து மாடிப்படி ஏறி இறங்கு. இறங்குறதுதான் முட்டியைத் தின்னும்.

காரையார்க்காரர் எழுதியது:

தாயி, உங்க அப்பா போன வழி எனக்குத் தெரியும். நான் காரையாறு மேலணையில வேலை பார்த்தவன், ஓய்வு பெற்று வருஷம் பல ஆச்சு. 1970களில் மூன்று முறை இந்தப் பக்கமாகப் போயிருக்கிறேன்.

பாபநாசத்தில் குளித்துவிட்டுக் கிளம்புவோம். காரையாறு அணையில் படகு. அந்தக் கரையில் பாணதீர்த்த அருவி கொட்டும் சத்தம் படகில் வரும்போதே கேட்கும். அருவிக்கு மேலே ஏறினால் காடு. இஞ்சிக்குழியில் காணிக்காரர் குடியிருப்பு, அங்கே ஒரு ராத்திரி. அவர்கள் கொடுத்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாயும் இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்கு மேலே பூங்குளம். நம் ஆற்றுக்குத் தலை அதுதான் தாயி. திருநெல்வேலி, தூத்துக்குடி என்று அத்தனை வயலுக்கும் பாய்ந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற தாமிரபரணி, அங்கே கையால் தடுத்துவிடலாம் போல இருக்கும். நான் அதில் காலை வைக்கத் துணியவில்லை. குனிந்து தலையில் தெளித்துக்கொண்டு வந்தேன்.

அரிசி, பருப்பு, கருப்பட்டி எல்லாம் தலைச்சுமைதான். ராத்திரி பாறை மேல் படுத்துச் சுற்றித் தீ போட்டுக்கொள்வோம். 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. அதன் பிறகு கட்டுப்பாடு கூடிக்கூடி இந்த வழி அடைபட்டது, பாணதீர்த்தத்துக்குப் படகும் நின்றுபோனது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. நம் கண்ணெதிரே நிற்கிற மலைக்கு ஊரைச் சுற்றித் திருவனந்தபுரம் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் எங்கள் காலத்துக் கூட்டம் அங்கே விட்டுவந்த பானையும் துணியும் சாம்பலும் நான் கண்ணால் பார்த்தவை. அடைத்தது தப்பென்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

உச்சியில் நின்றால் கிழக்கே காரையாறு அணைத் தண்ணீர் தெரியும். பாருங்கள்.

அனந்தபுரி_வாசி எழுதியது:

அகத்தியர் கதை எல்லோருக்கும் தெரியும். அதே உச்சியில் இன்னொருவரும் வாழ்ந்த மாதிரிதான் வேலை செய்திருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், ஒரு வானாய்வு நிலையம் தொடங்கினார்கள். 1852இல் அதற்கு இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் புரூன், ஸ்காட்லாந்துக்காரர். காந்த ஊசியின் ஆட்டத்தை அளப்பதுதான் அவர் வாழ்க்கை முழுவதும் செய்த வேலை. காந்த ஊசி வடக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் கிழக்கும் மேற்குமாக இம்மியளவு நகர்ந்து திரும்பும். நம் தெற்கு மூலை பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அந்த நகர்வைப் பார்க்க இது அருமையான இடம். தரையில் அளப்பதும் உயரத்தில் அளப்பதும் ஒன்றாக இருக்குமா, வேறுபடுமா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதற்காகத் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆதரவில் 1855இல் அகத்தியமலையில், சுமார் 6,200 அடி உயரத்தில், ஒரு ஆய்வு நிலையம் கட்டினார். கீழே திருவனந்தபுரத்திலும் மேலே மலையிலும் ஒரே நேரத்தில் அளவெடுக்க வேண்டும். இன்று கயிறு பிடித்து ஏறுகிற அந்த மலைக்கு, பாதையே இல்லாத காட்டில், தொட்டாலே தடுமாறும் கருவிகளைச் சுமந்து போயிருக்கிறார்கள். சுமந்த தோள்களின் பெயர் எந்த ஏட்டிலும் நம் கைக்கு வரவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

1852 முதல் 1869 வரையான அளவீடுகள் 1874இல் லண்டனில் பெரிய தொகுதியாக அச்சாயின. அதன் தலைப்பிலேயே திருவனந்தபுரத்தோடு அகத்தியமலையின் பெயரும் இருக்கிறது. 1878இல் அவருக்கு ராயல் சொசைட்டி தன் அரச பதக்கத்தைக் கொடுத்தது. பூமியின் காந்தம் பற்றிய அறிவில் நம் பொதிகைக்கும் பங்கு உண்டு, சகோதரி. பனிமூட்டத்துக்குள் நிற்கும்போது அந்த ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழம்பாடல் எழுதியது:

நான் பாளையங்கோட்டையில் தமிழாசிரியர். மலைக்குப் பழைய பெயர் பொதியில், பொதியம். கேரளத்தில் சொல்லும் 'அகஸ்தியகூடம்' என்பதில் உள்ள கூடம் நம் வீட்டுக் கூடமல்ல. சிகரம் என்று பொருள் தரும் வடசொல். உயரம் 1,868 மீட்டர்.

அகத்தியரில் இருந்து கதையைத் தொடங்குவது நமக்குப் பழகிவிட்டது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டைப் பாருங்கள். முரஞ்சியூர் முடிநாகராயர் சேரனை வாழ்த்தும்போது "பொற்கோட்டு இமயமும் பொதியமும் போன்றே" நடுக்கம் இல்லாமல் நிலைத்திரு என்கிறார். வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை. இமயம் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும், பொதியில் இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது. ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க அவருக்குத் தயக்கமே இல்லை. சிலப்பதிகாரமும் புகாரைப் பாடும்போது "பொதியி லாயினும் இமய மாயினும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

அந்தக் காலத்தில் இந்த மலைக்கு உரியவர்கள் ஆய் குடியினர். வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரன் இங்கே ஆண்டவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடியிருக்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்பவர் கிரேக்க மொழியில் எழுதிய நிலநூலில் 'பெட்டிகோ' என்று வரும் மலை இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

பௌத்தர்களுக்கும் இது புனித மலையாக இருந்திருக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங், மலய மலைக்குக் கிழக்கே பொதலகம் என்ற மலையில் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர் உறைவதாக எழுதினார். அந்தப் பொதலகமே பொதியில் என்ற கருத்து ஆய்வாளர்களிடம் வலுவாக உண்டு. நம்மிடமும் ஒரு சான்று: வீரசோழியம் என்ற பௌத்த இலக்கண நூல், அகத்தியன் தமிழைக் கேட்டதே அவலோகிதனிடம்தான் என்கிறது. ஒரே முனிவரைச் சைவரும் பௌத்தரும் போற்றியிருக்கிறார்கள்.

கோதையாறு எழுதியது:

நல்லா பேசுறீங்க எல்லாரும். ஒருத்தராவது காணிக்காரங்களைப் பத்தி நினைச்சீங்களா? நான் குலசேகரம் பக்கம். காணி மக்களோட இருபது வருஷப் பழக்கம். அகத்தியர் அவங்களுக்குப் பாட்டுல வாற முனிவர் இல்ல, குலத்தைக் காக்குற சாமி. மலை அவருக்கு வீடு. பொம்பளைங்க உச்சிக்குப் போகக்கூடாதுங்கிறது அவங்க வழிவழி நம்பிக்கை.

2018 நவம்பர் 30ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. 2019 ஜனவரியில முதல் பெண் ஏறின அன்னைக்குப் போணக்காட்டுல காணிப் பெண்களே உக்காந்து எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. தடுக்கல, கல்லெறியல. வருத்தத்தைக் காட்டினாங்க. சட்டம் அனுமதிக்கலாம். அந்த அம்மாக்கள் முகத்தை நினைச்சுப் பார்த்துட்டு மலை ஏறணுமான்னு தங்கச்சி ஒரு தடவை யோசிக்கணும்னு கேட்டுக்கிறேன். கோபத்துல சொல்லல.

தண்பொருநை எழுதியது:

அண்ணே, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எழுதாம இருந்தேன். எங்க ஆச்சியும் அந்த அம்மாக்களும் ஒண்ணைத்தான் சொல்லுதாங்க. ஆச்சியை நான் எதுத்துப் பேசினதில்ல. ஆனா அந்தத் தீர்ப்புக்காகக் கோர்ட்டுக்குப் போனவங்களும் பெண்கள்தானே. முதல் வருஷம் முதல் நாள்ல நூறு ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தையா ஏறின அந்தப் பாதுகாப்புத் துறை அதிகாரியும் பெண்தான். யாரை நினைக்கிறது, யாரை விடுறது? எனக்கு விடை தெரியல. மலை மேல உள்ள ஆசை மட்டும் நாற்பது வருஷமா மாறல.

பழம்பாடல் எழுதியது:

கோதையாறு அவர்களுக்கும் தங்கைக்கும் ஒரு பாட்டைக் காட்ட வேண்டும். வாதத்தில் வெல்வதற்காக அல்ல. முந்தைய பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், கை தவறிவிட்டது.

புறநானூறு 128, முடமோசியார் பாட்டு. ஆய் அண்டிரனின் ஊர் மன்றத்தில் ஒரு பலா மரம். பரிசில் கேட்டு வந்த பாணர்கள் தங்கள் முழவை அதன் கிளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெண் குரங்கு ஒன்று அதைப் பலாப்பழம் என்று நினைத்துத் தட்டுகிறது. முழவு அதிர, அதற்கு மறுமொழி போல அன்னச் சேவல் குரல் எழுப்புகிறது. அதற்குப் பிறகு வருகிற மூன்று அடிகள்:

"கழல்தொடி ஆஅய் மழைதவழ் பொதியில்
ஆடுமகள் குறுகின் அல்லது
பீடுகெழு மன்னர் குறுகலோ அரிதே"

மழை மேகம் தவழும் ஆயின் பொதியிலை ஆடும் மகள் நெருங்கலாம். பெருமை மிக்க மன்னர்கள் நெருங்குவதுதான் அரிது. விறலி பாடி ஆடிக்கொண்டு வந்தால் மலை வழிவிடும், படையோடு வருகிறவனுக்கு விடாது என்பது பொருள். ஆயின் கொடையையும் வலிமையையும் சேர்த்துப் பாடுகிற உத்தி இது, உச்சி ஏறும் விதி அல்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த மலையைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய சொற்களில், அதை நெருங்குகிறவளாக ஒரு பெண்தான் இருக்கிறாள். வகுப்பில் முப்பது வருஷமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். உங்கள் இழையைப் படித்த பிறகுதான் 'ஆடுமகள்' என்ற சொல்லில் நின்றேன்.

கோதையாறு எழுதியது:

ஐயா, பாட்டு நெஞ்சைத் தொட்டுது. ஆனா காணி மக்கள் நம்பிக்கைக்குப் புறநானூறு பதில் ஆகாது, அவங்களுக்கு அவங்க சொல்வழிதான் நூல். அதுல நான் மாறல. தங்கச்சி போறதா இருந்தா ஒண்ணு செய்யணும். வழிகாட்டியா வாற காணியோட பேச்சுக் குடுத்து நடக்கணும். அவரு நில்லுன்னா நிக்கணும், பேசாதேன்னா பேசக்கூடாது. உச்சியில சிலை கிட்ட அவங்க எப்படி நடந்துக்கிறாங்களோ அப்படி நடந்துக்கணும்.

தண்பொருநை எழுதியது:

கண்டிப்பா அண்ணே. எழுதி வச்சுக்கிட்டேன்.

வரைக்கமுகு எழுதியது:

தாவரவியல் ஆராய்ச்சி மாணவன். காணிக்காரர்கள் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியாக வேண்டும்.

1987 டிசம்பரில் ஒரு தாவர ஆய்வுக் குழு இந்தக் காட்டில் நடந்தது. கூட வந்த காணி வழிகாட்டிகள் களைப்பே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவ்வப்போது ஏதோ சிறு காயை மென்றார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், தின்றதும் உடம்பில் தெம்பு. எந்தச் செடி என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள், வெளியாருக்குச் சொல்லக்கூடாத மருந்து அது. பிறகு சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் ஒரு ஆயுர்வேத நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத் தொகைக்கும் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு. பணத்தைப் பெற 1997இல் அவர்களுக்கென ஒரு அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்க இதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

எடுத்துக்காட்டுகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தச் செடி காட்டு நிழலில்தான் சத்தோடு வளரும். இலை பறிக்கவும் பயிரிடவும் காணிகளுக்கே வனச் சட்டம் குறுக்கே நின்றது. தங்கள் அறிவில் பிறந்த மருந்துக்குத் தங்கள் காட்டில் இலை பறிக்க முடியாத நிலை. படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நடக்கும்போது கவனிக்கச் சில: பாறைச் செங்குத்தில் மெலிந்த கமுகு மாதிரி ஒற்றையாய் நிற்கும் மரம்தான் வரைக்கமுகு. வரை என்றால் மலை. சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் பெண்டிங்க் பெயரை அதன் அறிவியல் பெயரில் ஒட்டிவைத்தார்கள், நமக்கு நம் பெயரே போதும். சோலைக்குள் மேலே கிளை ஆடினால் சோலைமந்தியாக இருக்கலாம், சிங்கவால் குரங்கு என்பார்களே அது. உச்சிப் பக்கம் வரையாடு. 1865இல் ட்ரூரி என்ற அதிகாரி கண்ட மஞ்சள் ஆர்க்கிட் ஒன்று இந்தத் தொடரில் மட்டுமே உண்டு, இதழ் சிறு செருப்பு வடிவில் இருக்கும். அழகுக்காகப் பறித்துப் பறித்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எதைக் கண்டாலும் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள், அக்கா. 2016இல் யுனெஸ்கோ அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை உலகப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு மாநிலத்திலும் சேர்த்து 3,500 சதுர கிலோமீட்டர். பட்டியலில் இருப்பதால் மட்டும் பூ பிழைக்காது.

தண்பொருநை எழுதியது:

நாளை மறுநாள் அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ல கிளம்புறேன். அட்டைக்கு என்ன செய்யணும்?

நாஞ்சில்_நடையன் எழுதியது:

துணியில உப்பைக் கட்டித் தண்ணியில நனைச்சு ஒரு குச்சி நுனியில வச்சுக்கோ. ஒட்டினா தொட்டாப் போதும், விழுந்திரும். புகையிலை கொண்டு போகாத, சாவடியில எடுத்திருவாங்க. பிப்ரவரியில மழை பெய்யலன்னா அட்டை குறைவுதான். நகத்தை வெட்டிட்டுப் போ, இல்லன்னா இறக்கத்துல கால்விரல் நகம் கறுத்துரும்.

தண்பொருநை எழுதியது:

போயிட்டு வந்துட்டேன். வந்து அஞ்சு நாள் ஆச்சு, மாடிப்படியில இன்னும் பக்கவாட்டுல திரும்பித்தான் இறங்குறேன்.

முதல் நாள் புல்மேட்டைப் பத்தரைக்கே தாண்டிட்டோம், நடையன் அண்ணாச்சி புண்ணியம். முட்டிடிச்சான்ல நான்தான் கடைசி. எங்க வழிகாட்டி அறுபதைத் தாண்டின காணிப் பெரியவர். எல்லாரையும் முன்னால விட்டுட்டு என் கூட நின்னாரு. ஒரு வார்த்தை அவசரப்படுத்தல. கோதையாறு அண்ணே சொன்ன மாதிரி பேச்சுக் குடுத்தேன். பாதிக்கு மேல தமிழ்தான் பேசினாரு. நான் தாமிரபரணிக்காரின்னு சொன்னதும் அந்தப் பக்கம் இஞ்சிக்குழியில சொந்தக்காரங்க இருக்கிறதா சொன்னாரு. கோடு போட்டது நாமதான், அவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே காடு.

பெண்கள் ஏறுறது பத்திக் கேட்டேன். கொஞ்ச நேரம் நடந்துட்டே இருந்தாரு. "எனக்கு மனசு ஒப்பல அம்மா. ஆனா என்கூட வந்த ஆள் விழாமத் திரும்பணும், அதுவும் எனக்குச் சாமிகாரியம்"னாரு. அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? அவருக்குப் பின்னாடி அவர் மிதிச்ச இடத்துல மிதிச்சு நடந்தேன்.

ராத்திரி அதிருமலையில காத்து சத்தத்துல தூக்கமே இல்ல. அகழிக்கு அந்தப் பக்கம் ஈத்தை ஒடிக்கிற சத்தம் கேட்டுது. விடிஞ்சதும் கிளம்பினோம். முதல் கயிறுல கை நடுங்குச்சு. பின்னால சாய்ஞ்சு ஏறணும்னு நினைவு வந்ததும் கால் பாறையைப் பிடிச்சுக்கிட்டுது. மூணாவது கயிறு முடிஞ்சா வானம்.

உச்சி சின்னதுதான். அகத்தியர் சிலை, காத்து, மேகம். பெரியவர் செருப்பைக் கழட்டிட்டுத் தள்ளி நின்னு கும்பிட்டாரு. நானும் அவர் நின்ன தூரத்துலயே நின்னேன், கிட்டப் போகல. கால் மணி நேரம் வெள்ளை மேகம் தவிர ஒண்ணும் தெரியல. புரூன் இதுக்குள்ள உக்காந்து ஊசியைப் பார்த்திருக்காரேன்னு நினைச்சேன். திடீர்னு கிழக்குப் பக்கம் கிழிஞ்ச மாதிரி விலகுச்சு. கீழ காரையாறு அணைத் தண்ணி, தகடு மாதிரி. அதுக்கு அப்புறம் வெளிறின சமவெளி. அந்த வெளிறின நிறத்துல எங்கயோ எங்க மொட்டை மாடி இருக்கு. இத்தனை வருஷம் அங்க இருந்து இதைப் பார்த்தேன். ஆசிரியர் ஐயா எழுதின மூணு அடியை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன், காத்துல யாருக்கும் கேக்காதுன்னு சத்தமாச் சொன்னேன்.

போணக்காட்டுக்கு இறங்கி, விதுரா தாண்டி சிக்னல் வந்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணேன். 76 வயசு. பாதை, காடு, யானை எதையும் கேக்கல. "பூங்குளம் பார்த்தியா?"ன்னாரு. அந்த வழி இப்போ இல்லப்பா, மேல இருந்து அணைத் தண்ணியைத்தான் பார்த்தேன்னேன். "அதே தண்ணிதான்"னு சொல்லிட்டு அம்மாகிட்ட போனைக் குடுத்துட்டாரு.

காரையார்க்காரர் எழுதியது:

தாயி, அப்பா பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அந்த வருஷங்களில் படகில் ஏறியவர்களில் எனக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம்.

கல்லிடைக்காரி எழுதியது:

இந்த இழையை முழுக்க இன்னைக்குத்தான் படிச்சேன் அக்கா. எங்க அம்மாவுக்கு 52 வயசு. சின்னதுல இருந்தே அந்த மலைக்குப் போகணும்னு சொல்லிட்டு இருப்பாங்க. முட்டி வலி லேசா உண்டு. அடுத்த வருஷம் முடியுமா?

தண்பொருநை எழுதியது:

முடியும்மா. முதல்ல டாக்டர்கிட்ட முட்டியைக் காட்டி, ஏறலாம்னு அவர் சொல்லட்டும். அப்புறம் இப்பவே படி ஏறச் சொல்லு. ஆறு மாசம் கழிச்சுப் பையில அஞ்சு கிலோ வச்சு ஏறணும். கையில தடி கட்டாயம், இறங்கும்போது பாதி பாரத்தை அது வாங்கிக்கும். பதிவு ஜனவரி தொடக்கத்துல திறக்கும், சீக்கிரம் தீர்ந்துரும், அடையாள அட்டையைத் தயாரா வச்சுக்கோங்க. முதல் நாள் சீக்கிரம் கிளம்பிப் புல்மேட்டைத் தாண்டிட்டா மீதி நேரம் உங்களுக்குத்தான், மெதுவா ஏறலாம். கூட வர ஆள் இல்லன்னா எனக்கு எழுது. நானும் அடுத்த வருஷம் பதிவு போடப் போறேன்.